பழைய டிராக்டர் செல்ஃப் மோட்டார்: பிரிச்சு வேலை பார்க்கலாமா, புதுசே போடலாமா?

"இருபது வருஷ வண்டி. செல்ஃப் சில நேரம் எடுக்குது, சில நேரம் கர்ர்னு கத்திட்டு நிக்குது. மோட்டாரையே மாத்தச் சொல்றாங்க"ன்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு மாத்தாதீங்க. நான் மாத்தி ஏமாந்தவன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். அப்பா வாங்கின மூணு சிலிண்டர் வண்டி. வாய்க்கால்ல தண்ணி வந்து, விடிஞ்சா சேறடிக்கணும்ங்கிற அன்னைக்குத்தான் அதுக்கும் நோவு வரும். சாவியைத் திருப்பினா கர்ர்ர். அப்பா அலட்டிக்க மாட்டார். சாவியை அணைச்சுட்டு, கியர் போட்டு, பெரிய டயரைப் பிடிச்சு ரெண்டு உலுக்கு. திரும்ப நியூட்ரல்ல வெச்சுத் திருப்பினா கப்புனு பிடிச்சுக்கும். நாலு பேர் பார்க்க எனக்கு மானம் போகும். அவருக்குச் சொல்லாம டவுன்ல புது மோட்டார் வாங்கி மாட்டினேன். ஆறு மூட்டை நெல்லுக் காசு. மூணாம் நாள் அதே கர்ர்ர்.

அப்புறம் வந்த வயசான எலக்ட்ரீசியன் ஒரே கேள்விதான் கேட்டார்: "உலுக்கினா எடுக்குதுன்னா கோளாறு மோட்டார்லயா தம்பி இருக்கும்?"

மூணு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற கம்ப்ரஷன்ல முட்டி, பிளைவீல்ங்கிற கனமான சக்கரம் ஏறக்குறைய அதே மூணு இடத்துலதான் நிக்கும். செல்ஃப் மோட்டார் முனையில இருக்கிற சின்னப் பல்சக்கரம், அதாவது பினியன், வந்து இடிக்கிறதும் அந்த இடத்துப் பல்லுங்களைத்தான். மோட்டாரைக் கழட்டி, ஓட்டை வழியா டார்ச் அடிச்சு, பிளைவீலை முழுசாச் சுத்திப் பார்த்தோம். பிளைவீலைச் சுத்தி இருக்கிற பல் வளையம், அதாவது ரிங் கியர்ல, மூணு இடம் மட்டும் மழுங்கல். அப்பா உலுக்கினது நல்ல பல்லை எதிர்ல கொண்டாரத்தான்.

ரிங் மாத்த வண்டியைக் கிளட்ச் ஹவுசிங்ல ரெண்டாப் பிரிக்கணும். பட்டறை வேலை, வீட்டுல வேண்டாம். புது ரிங்கைச் சுத்திலும் சமமாச் சூடு காட்டி இறக்கணும். நீலம் பாய்ற அளவுக்குச் சுட்டா பல்லோட கெட்டி போயிடும்.

பழைய மோட்டாரையும் திறந்தோம். உள்ள கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டை தேஞ்சு குட்டையாகி ஸ்பிரிங் அழுத்தவே இல்ல. தண்டைத் தாங்குற புஷ் தேஞ்சு, உள்ள சுத்துற ஆர்மேச்சர் ஒரு பக்கமா உரசியிருந்தது. வெண்கலப் புஷ்ஷை ஒரு ராத்திரி எண்ணெய்ல ஊறப்போட்டு அடிச்சு, கார்பன் மாத்தி, கார்பன் உரசுற செம்பு உருளையான கம்யூட்டேட்டரை லேத்துல லேசாக் கடைஞ்சு, செம்புக்கு நடுவுல இருக்கிற மைக்காவைப் பள்ளமாச் சுரண்டினார். ஒரு மூட்டைக் காசுகூட ஆகல.

"அப்ப மோட்டாரும் தேஞ்சுதானே இருந்தது"ன்னு மடக்க வராதீங்க. தேஞ்சதுதான், இல்லைங்கல. ஆர்மேச்சர் சுருள் கருகியிருந்தா புதுசுதான் கதின்னும் ஒத்துக்கிறேன். நான் மெக்கானிக்கும் இல்ல.

நீங்க முதல்ல மீட்டரை பேட்டரில வெச்சு செல்ஃப் அடிங்க. 9.6 வோல்ட்டுக்குக் கீழ போனா பேட்டரியைப் பாருங்க. அடுத்து பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவுல மீட்டரை வைங்க. செல்ஃப் சுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் பட்டையைக் கழட்டித் துருவைத் தேய்ங்க. மோட்டாரைக் கழட்டுறதுக்கு முன்ன நெகட்டிவ் வயரைப் பிடுங்கிடுங்க. ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ற வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம். கியர்ல கிடந்தா ஆள் மேல ஏறிடும்.

இப்ப ஓடுறது அந்தப் பழைய மோட்டார்தான். புதுசு பரண்ல இருக்கு. சேறடிக்க வண்டியை இரவல் வாங்கி, டீசலைச் சொட்டு விடாம காலி பண்ணித் திருப்பி நிறுத்துற என் மச்சான், போன வாரம் "சும்மாத்தானே கிடக்கு"ன்னு அதையும் கேட்டுட்டுப் போயிருக்கார்.