சர்வர்களைப் பகிர்வு டேட்டா சென்டருக்கு மாற்றிவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வியில் உள்ள ‘நிம்மதி’ என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. பகிர்வு டேட்டா சென்டர் என்பது பல நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர்களை வாடகை இடத்தில் வைத்து ஓட்டும் கட்டடம். தங்கள் நிறுவனத்தின் கணக்கு சர்வர் அலுவலக மூலையொன்றில் ஏசியின் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுகிறேன். 2015 டிசம்பர் வரை ஈக்காட்டுத்தாங்கலில் எங்களுடையதும் அப்படித்தான் ஓடியது.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட அந்த வெள்ளத்தில், எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு அடையாற்று நீர் நின்றது. வடிந்த பிறகு திறந்து பார்த்தால், சர்வரின் விசிறி இறக்கைகளுக்கு இடையே சேறு காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதன் பின்னரே முதலாளி டேட்டா சென்டர் ஒன்றில் அரை ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரியில் பாதி) வாடகைக்கு எடுக்கச் சம்மதித்தார். மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, அங்கிருந்த யூபிஎஸ், ஜெனரேட்டர் புண்ணியத்தில் சர்வர் ஒரு நொடியும் நிற்கவில்லை. ஆனால் விழுந்த மரங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஃபைபர் இணையக் கேபிளை அறுத்துவிட்டதால், சர்வர் நலமாக இருப்பதை அறிந்தும் நான்கு நாட்கள் ஒரு பில்கூடப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அதைவிடப் பெரிய அடி பின்னர் விழுந்தது. ரெய்டு 5 அமைப்பில் (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு அழியாதபடி பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் முறை) இருந்த நான்கு டிஸ்க்குகளில் ஒன்று இரவில் பழுதானது. அங்கே பணியிலிருந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, “மூன்றாவது டிஸ்க்கை மாற்றுங்கள்” என்றேன். சர்வரின் முகப்பில் எண்கள் 0 முதல் தொடங்குவதை நான் சொல்லவில்லை. அவர் 3 என்று எழுதியிருந்ததை, அதாவது நன்றாக ஓடிக்கொண்டிருந்த நான்காவது டிஸ்க்கை, உருவினார். ரெய்டு 5 ஒரு டிஸ்க் இழப்பைத்தான் தாங்கும். பேக்கப்பிலிருந்து மீட்டு, இரண்டு நாள் பதிவுகளை மீண்டும் கையால் ஏற்றினோம். அந்த அரை மணி நேர உதவிக்கும் மாத இறுதியில் தனிக் கட்டணம் வந்தது. தவறு என்னுடையது என்பதால் கட்டிவிட்டேன்.

“இந்தக் காலத்தில் கிளவுடுக்குப் போகாமல் இதென்ன பேச்சு?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கிளவுடு என்றால் பிறரின் சர்வர்களை இணையம் வழியே வாடகைக்கு எடுப்பது. சொந்த இயந்திரத்துடன் உரிமம் பிணைக்கப்பட்ட பழைய மென்பொருளை அவர்களே வந்து மாற்றித் தந்தால் மகிழ்வேன். நான் எந்த டேட்டா சென்டரின் முகவரும் அல்லன். ஒரே கட்டடத்துக்குள் எங்கள் ரேக்கிலிருந்து இணைய நிறுவனத்தின் ரேக்குக்குச் செல்லும் ஒற்றைக் கேபிளுக்கு மாதாமாதம் வாடகை வாங்குவதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்சாரம், குளிர்ச்சி, காவல் ஆகிய மூன்றையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். டிஸ்க்கும் பேக்கப்பும் தங்கள் பொறுப்பாகவே இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அலுவலகத்துக்கு வேறு வழியாக வரும் இரண்டாவது இணைப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் சீரியல் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.