சாசேஜைப் பாத்து ஆர்டர் பண்ணுங்க

கேள்வி: அக்கா, ஃப்ரெண்ட்ஸோட ஒரு கோர்மே ஹாட் டாக் கடைக்குப் போனேன், அதான் நீட்டு பன்னுக்குள்ள சாசேஜ் வெச்சுக் குடுக்குற ஒசத்தியான கடை, மெனுல வகைவகையா இருந்துச்சு, படத்துல எதுக்கு மேல டாப்பிங் அதிகமா தெரிஞ்சுதோ அதையே வாங்கினேன். மூணாவது கடியிலயே பன் ஊறிப் பிஞ்சு எல்லாம் முழங்கை வரைக்கும் வழிஞ்சிடுச்சு. முள்கரண்டி கேட்டிருக்கணுமோ?

பதில்: கரண்டியெல்லாம் வேணாம்மா, அது கையில புடிச்சு சாப்பிடுறதுக்குன்னே உண்டான சாப்பாடு. படத்தைப் பாத்து வாங்குனதுலதான் கோட்டை விட்டுட்டீங்க. அந்த மாதிரி கடையில நாம காசு குடுக்குறதே சாசேஜுக்குத்தான், அதாவது அரைச்ச கறியை நீளமா தோலுக்குள்ள அடைச்சு செய்யுறதுக்கு, அதனால கவுண்டர்ல மொதல்ல கேக்க வேண்டியது உள்ள என்ன கறி, மேல என்ன தோல், எப்படி சூடு பண்ணித் தர்றீங்கன்னு. ஆட்டுக்குடல் தோல்ல அடைச்சதுன்னா பல்லு பட்டதும் 'டப்'னு தோல் விட்டுக்குடுத்து உள்ள இருக்குற சாறு அப்படியே நாக்குக்கு வரும், அதைத்தான் ஸ்னாப்னு சொல்றாங்க. நான் மொத தடவ அப்படி ஒண்ணு சாப்பிட்டப்ப மேல வெறும் மஸ்டர்ட் (கடுகு விழுது) மட்டும்தான் ஒரு கோடு போட்டிருந்தாங்க, அந்த 'டப்' காதுக்குள்ளயே கேட்டுச்சு, இன்னிக்கு வரைக்கும் எனக்கு அதுதான் அளவுகோல். தோலில்லாத சாசேஜை செல்லுலோஸ் உறைக்குள்ள வேகவெச்சு அப்புறம் உறையை உரிச்சு எடுத்துடுறாங்க, அதான் அது மெத்துனு போயிடுது.

டாப்பிங் வேணாம்னு சொல்லல. அமெரிக்காவுல நேஷனல் ஹாட் டாக் அண்ட் சாசேஜ் கவுன்சில்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க சொல்ற முறை ரொம்ப சரியா இருக்கும்: எதையும் பன்னுல தடவாம சாசேஜ் மேல போடணும், மொதல்ல மஸ்டர்ட், சில்லி (கெட்டியான காரக் கறிக்குழம்பு) மாதிரி ஈரமானது, அப்புறம் ரெலிஷ் (பொடியா நறுக்கின வெள்ளரி ஊறுகா), வெங்காயம் மாதிரி துண்டுதுண்டா இருக்குறது, அதுக்கு மேல சீஸ், கடைசியா மசாலாத் தூள். இப்படிப் போட்டா ஈரம் பன்னுல இறங்க நேரம் ஆகும். பன் உள்பக்கம் வெண்ணெய் தடவி வாட்டியிருந்தா இன்னும் தாங்கும். ஃபோட்டோ எடுத்துட்டு உக்காந்து பேசிட்டிருக்காதீங்க, வந்த உடனே சாப்பிடுங்க.

கேள்வி: ஹாட் டாக்ல அப்படி என்ன கோர்மே? கெட்சப் கேட்டா வேற ஒரு மாதிரி பாக்குறாங்க.

பதில்: சிகாகோவுல டக் சோன்னு ஒருத்தர் 2001லேர்ந்து 2014 வரைக்கும் ஹாட் டக்ஸ்னு ஒரு கடை நடத்துனாரு, முதலைக்கறி சாசேஜ், வாத்துக்கறி சாசேஜ்னு ஓட்டல் செஃப் மாதிரி யோசிச்சு செஞ்சு சாதா ஹாட் டாக் கடை மாதிரியே குடுத்தாரு, தெரு சுத்தி க்யூ நின்னுச்சு. கறியில அக்கறை, உக்காந்து சாப்பிடுறதுல பந்தா இல்லாம இருக்குறது, எனக்கு கோர்மேன்னா இது ரெண்டும்தான்.

கெட்சப் சமாச்சாரமும் அந்த ஊர்லேர்ந்து வந்ததுதான். சிகாகோ ஹாட் டாக்ல கசகசா தூவின பன், மாட்டுக்கறி சாசேஜ், மஞ்ச மஸ்டர்ட், பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளி, ஊறுகா வெள்ளரி, குட்டி மிளகா, செலரி உப்பு (செலரி விதைப் பொடி கலந்த உப்பு), இவ்வளவும் இருக்கு, இதுலயே இனிப்பும் புளிப்பும் வந்துடுது, கெட்சப் ஊத்துனா மத்தது எதுவும் தெரியாம அமுங்கிடும். ஆனா உங்களுக்குப் புடிச்சா தாராளமா கேளுங்க, கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

கேள்வி: நான் பன்றிக்கறி சாப்பிடமாட்டேன், சிக்கன் சாசேஜ் வாங்கினா போதும்ல?

பதில்: போதாது, தோலையும் கேளுங்க. உள்ள கோழியா இருந்தாலும் மேல பன்றிக்குடல் தோல் போடுறது உண்டு. வெஜ் சாசேஜ் வாங்குறவங்க, கறி சாசேஜ் வாட்டுற அதே கல்லுலயே இதையும் வாட்டுறாங்களான்னும் கேட்டுக்கோங்க.

கேள்வி: மூணு வயசுப் பையனுக்கு வட்டவட்டமா நறுக்கிக் குடுக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம். அந்த வட்டம் சரியா குழந்தையோட மூச்சுக்குழாய் அளவுக்கு இருக்கும், அழுத்தி அடைச்சிக்கும். சாப்பாடு அடைச்சு குழந்தைங்க இறந்துபோறதுல ஹாட் டாக்தான் முன்னாடி நிக்குதுன்னு அமெரிக்க குழந்தைகள் மருத்துவக் கழகம் 2010லயே எச்சரிக்கை குடுத்துச்சு. நாலு வயசு ஆகுற வரைக்கும் தோலை உரிச்சு, நீளவாக்குல நாலா கீறி, அப்புறம் பொடிப்பொடியா நறுக்கிக் குடுங்க, ஓட விடாம உக்கார வெச்சு. கத்தி கேட்டா கடையில குடுப்பாங்க.