தெருக்கூத்தில் கீபோர்டும் சினிமா மெட்டும் வந்துவிட்டன. ‘கலை அழிகிறது’ என்று விமர்சனம் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஆனால் கீபோர்டின் மேல் பழி போட வேண்டாம். இன்று மரபு என்று நாம் தூக்கிப் பிடிக்கும் ஆர்மோனியமே 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதான். மேடை நாடக மெட்டுகளும் அப்படி உள்ளே வந்து தங்கியவையே.

கூத்தை அதைவிட ஆழமாக மாற்றியது மைக். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் (மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் திருவிழா) நடக்கும்போது போய் நின்று பாருங்கள். களம் முழுக்கச் சுழன்று ஆட வேண்டிய துரியோதனன், தொங்கும் மைக்குக்கு அடியில் நாலடிக்குள் அடங்கிப்போகிறார். நகர்ந்தால் குரல் கேட்காது. சட்டையில் குத்தும் மைக் வைத்தால் மார்ப்பதக்கமும் புஜக்கட்டையும் உரசிக் கரகரக்கும்.

அடுத்தது மூச்சு. கடைசி ஆளுக்கும் கேட்கவேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் உச்ச சுருதியில் பாடினார்கள். பின்பாட்டுக்காரர் வரியை வாங்கிப் பாடும் இடைவெளியில் வேஷக்காரர் மூச்சு வாங்கி, அடவு (ஆட்ட அடி) போடுவார். மைக் வந்ததும் சுருதி இறங்கியது, பின்பாட்டுக்கு ஆள் குறைந்தது. இடைவெளி போனதும் ஆட்டம் சுருங்கி வசனம் பெருத்துவிட்டது. விமர்சகர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடம் இது.

விளக்கும் அப்படித்தான். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டிய கிரீடம் மங்கலான வெளிச்சத்தில் தலை அசையும்போது மின்னும். யூடியூப் நேரலைக்காக நேர் எதிரே நிறுத்தும் எல்.இ.டி. வெள்ளை விளக்கில் அந்த மினுக்கம் இல்லை. முகத்தில் தீட்டிய கோடுகளும் வெளுத்துவிடும். பக்கவாட்டில் மஞ்சள் விளக்கு வைத்தாலே பாதி சரியாகும். நேரலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலைக்காக பெங்களூரு, ஓசூர் போனவர்கள் ஊர்க்கூத்தைப் பார்க்க அதுதான் வழி.

எழுதும் முன் ஒரே குழு ஆடும் ‘கர்ண மோட்சம்’ நாடகத்தை இரண்டு ஊரில் பாருங்கள். திரைக்குப் பின்னால் பாட்டு தொடங்கியதிலிருந்து வேஷக்காரர் திரையை விட்டு வெளியே வரும்வரை எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடும் குழுவில் முக்கிய வேஷத்துக்கு இது 20 நிமிடம்கூடப் போகும். 5 நிமிடத்தில் முடிந்தால் ஏன் என்று குழுவை நடத்தும் வாத்தியாரிடமே கேளுங்கள்: ஆள் போதவில்லையா, ஊர்க்காரர் அவசரப்படுத்தினார்களா, பாடம் தெரியவில்லையா? மூன்றும் வேறு வேறு நோய்.

நள்ளிரவோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கூட்டத்தைப் பிடிக்க முன்னிரவில் நகைச்சுவையும் சினிமா மெட்டும் அதிகம் இருக்கும். கர்ணன் சாயும் காட்சிக்கு விடியற்காலை ஆகிவிடும். குழுவின் பாட்டுத் திறம் தெரிவது அங்கேதான்.