வாடகை பாக்கிக்காக கேரவன் சாவியைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: மூணாறு அருகே குண்டளைப் பக்கம் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. மேலே தகரம், பக்கச் சுவர் கிடையாது. வெளிநாடு போகும் கோவைக்காரர் ஒருவர், படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்த தன் கேரவனை டிசம்பர் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு அங்கே நிறுத்தினார். மாதம் 4,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சுதான். சாவியையும் என்னிடமே கொடுத்தார். ஜனவரி உறைபனியில் வண்டிக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்து மரத்தளம் ஊறிவிட்டது. பேட்டரியும் போய்விட்டது. 1,80,000 ரூபாய் நஷ்ட ஈடு கேட்கிறார். வாடகையும் தர மறுக்கிறார். நான் சாவியைத் தரவில்லை. இது சரியா?

பதில்: முதலில் சாவியைக் கொடுத்துவிடுங்கள். நஷ்ட ஈட்டு விஷயத்தில் உங்கள் பக்கம் பேச நிறைய இருக்கிறது. அதைக் கெடுப்பது இந்தச் சாவிதான்.

பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை எல்லோருக்கும் கிடையாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, அந்தப் பொருளின் மீது உழைப்போ திறமையோ செலவிட்டவருக்கே அதைத் தருகிறது. பழுது பார்த்த மெக்கானிக் கூலி வரும்வரை வண்டியை விடாமல் வைத்திருக்கலாம். நிறுத்த இடம் மட்டும் கொடுத்தவருக்கு அது பொருந்தாது. 171ஆவது பிரிவு வங்கி போன்ற சிலருக்கு மட்டும் உரியது. முன்கூட்டியே இருவரும் அப்படிப் பேசி வைத்திருந்தால்தான் நிலைமை மாறும். 161ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. தர வேண்டிய நாளில் தராமல் வைத்துக்கொண்டால், அன்று முதல் வண்டிக்கு நேரும் சேதம் உங்கள் தலையில் விழும். நம்பிக்கை மோசடி என்று அவர் போலீஸுக்குப் போகவும் வழி இருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லாதபோது அந்தப் புகார் நிற்காது. ஆனாலும் ஸ்டேஷன் படி ஏறும் அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

இனி சேதம். சாவி அவரிடமே இருந்திருந்தால் நீங்கள் வெறும் இடம் கொடுத்தவர். சாவி உங்கள் கைக்கு வந்ததால் வண்டியே உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சட்டம் பார்க்கும். 151ஆவது பிரிவின்படி, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்த வண்டியைக் கவனிப்பதுபோல நீங்கள் கவனித்திருக்க வேண்டும். ஹோட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போன கார் திருடுபோன வழக்கில், கவனக்குறைவு இல்லை என்று விளக்க வேண்டியது வாங்கி வைத்தவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. ஆகவே நிரூபிக்கும் பாரம் உங்களிடம்தான் வரும்.

அதை உங்களால் தாங்க முடியும் என்றே நினைக்கிறேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. பனி விழும் ஊரில் கேரவனை மாதக்கணக்கில் நிறுத்துபவர் தொட்டி, குழாய், பம்ப், ஹீட்டர் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்து, குழாய்களைத் திறந்துவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். வண்டியின் உட்புறம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. அலமாரியைத் திறந்து வடிகுழாயைத் தேடுவது ஷெட்காரர் பொறுப்பு ஆகாது. பக்கச் சுவர் இல்லாததையும் அவர் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்தினார். பேட்டரியோ, மூன்று மாதம் தொடாமல் கிடந்தால் தானாகவே இறங்கும்.

இரண்டு விஷயம் உங்களுக்கு எதிராகப் போகலாம். 'தண்ணியை இறக்கிடுங்க' என்று அவர் வாட்ஸ்அப்பில் சொல்லி, நீங்கள் சரி என்றிருந்தால் குழாய்க்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஈரத்தைப் பார்த்த அன்றே அவருக்குச் சொன்னீர்களா? பார்த்தும் நாட்களைக் கடத்தியிருந்தால் தளம் ஊறியதில் ஒரு பங்கு உங்களுடையது. இதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அந்த உரையாடல்களை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் காட்ட, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும்.

அவருக்கே தெரியாமல் இருக்கக்கூடிய ஒன்று: நம் நாட்டில் வழக்கமான முழுக் காப்பீட்டுப் பாலிசியில் வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழையோடு உறைபனியும் இடம்பெறும். வேனைக் கேரவனாக மாற்றியது ஆர்சி புத்தகத்திலும் பாலிசியிலும் பதிவாகியிருந்தால் அவர் அங்கே கேட்டுப் பார்க்கட்டும். பணம் கொடுத்த கம்பெனி பிறகு உங்கள் மீது திரும்பலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வண்டியை ஒப்படைக்கும்போது உள்ளும் புறமும் வீடியோ எடுங்கள். இருக்கும் நிலையை எழுதி, 'வாடகை 12,000 ரூபாய்க்கான உரிமையை விடவில்லை' என்ற வரியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு தேவிகுளம் தாலுகா சட்டப் பணிக் குழுவில் மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஈரத்தை உடனே சொல்லவில்லை என்றால், வாடகையை விட்டுக்கொடுத்துத் தளச் செலவில் ஒரு பகுதியை ஏற்பதே உங்களுக்கு நல்லது. உடனே சொல்லியிருந்தால் வாடகையில் ஒரு ரூபாய்கூட விடாதீர்கள்.

அவர் சமரசத்துக்கு வராமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், தான் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம். அப்படி நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்யுங்கள். கேட்டால் இன்னும் 15 நாள் வரை கிடைக்கலாம். அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் தர முடியாது.