கனடியக் குளிரும் வீட்டுப் புற்றரையும்: கேள்வி பதில்

ரொறன்ரோவிலும் அதனைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீட்டுப் புற்றரை வைத்திருப்போர் பனிக்காலம் குறித்து எழுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. இப்பகுதிப் புற்றரைகளில் பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், பெஸ்கியூ ஆகிய குளிர்தாங்கும் புற்களே கலந்திருப்பதால், அவற்றை மனத்திற்கொண்டே எழுதுகிறேன்.

கேள்வி (ஸ்காபரோ): மார்ச் இறுதியில் பனி கரைந்ததும் முன்முற்றப் புல் முழுவதும் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிய புல்விரிப்புப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம்; குறைந்தது மே நடுப்பகுதி வரையாவது பொறுங்கள். இலை கருகியிருப்பது புல் இறந்துவிட்டதற்குச் சான்றாகாது. இலையும் வேரும் சேரும் அடித்தூர்தான் புல்லின் உயிர்நிலை. அது மண்மட்டத்தில் இருக்கிறது. ஒரு கொத்தைப் பிடுங்கி அடித்தூரை நகத்தால் கீறிப் பாருங்கள். அது வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ உறுதியுடன் இருந்தால் புல் உறங்குகிறது. பழுப்பேறி நைந்து போயிருந்தால் இறந்துவிட்டது. ஐயம் தீராவிட்டால், கையளவு புல்லை மண்ணோடு பெயர்த்து ஒரு சாடியில் வைத்து, வீட்டுக்குள் வெயில் படும் சன்னலோரத்தில் இரண்டு வாரம் நீரூற்றிப் பாருங்கள்.

கென்டக்கி புளூகிராஸ் மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓட்டித் தானாகவே இடைவெளிகளை நிரப்பும். ரைகிராஸ் அப்படிப் படர்வதில்லை. அது செத்த இடத்தில் விதைத்தே ஆக வேண்டும். ஏப்ரலிலேயே அவசரப்பட்டு ஒப்பந்தக்காரரை அழைப்போர், தானே மீண்டிருக்கக்கூடிய புல்லைப் பெயர்த்தெறிவதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து.

கேள்வி (மார்க்கம்): பனி உருகிய இடங்களில் வட்டவட்டமாகச் சாம்பல் நிறச் சிலந்திவலை போன்ற ஒன்று படிந்திருக்கிறது. இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: இது பனிப்பூஞ்சணம். இதில் இரண்டு வகை உண்டு. சாம்பல் வகை, உறையாத மண்மேல் விழுந்த பனி வாரக்கணக்கில் நீங்காமல் கிடக்கும்போது அதன் அடியில் வளர்கிறது; இலையில் கடுகளவான கரும்பழுப்பு மணிகள் தென்பட்டால் அதுவேதான். இது பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். இளஞ்சிவப்பு வகைக்குப் பனிப்போர்வையே தேவையில்லை. குளிரும் ஈரமும் நீடித்தாலே போதும். அது அடித்தூரையும் அழிக்கக்கூடியது என்பதால் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிகொல்லி, பூஞ்சணக்கொல்லி போன்றவற்றைப் பயன்படுத்துவதற்கான தடை 2009 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வழக்கமான இரசாயன மருந்துகள் வீட்டுப் புற்றரைக்குக் கிடையா. கிடைத்தாலும், பூஞ்சணம் கண்ணில் பட்ட பின்னர் அடிப்பதால் பயனில்லை. நிலம் ஓரளவு காய்ந்ததும் இலைவாரியால் மென்மையாக வாரி, ஒட்டிக்கிடக்கும் இலைகளைப் பிரித்துக் காற்றுப் படச் செய்யுங்கள். எஞ்சியதை வெயில் பார்த்துக்கொள்ளும். ஈரமண்ணில் ஏறி நின்று அழுத்தி வாரினால், பூஞ்சணம் விட்டுவைத்த புல்லை நீங்களே பிடுங்கிவிடுவீர்கள்.

அடுத்த ஆண்டு இது குறைய வேண்டுமானால், டிரைவ்வேயிலிருந்து அள்ளும் பனியை ஒரே இடத்தில் மலையாகக் குவிக்காமல் பரவலாக எறியுங்கள். மார்ச்சில் இறுகிப்போய் மிஞ்சும் குவியலைச் சவளால் உடைத்துப் பரப்பிவிட்டால் விரைவில் உருகும்.

கேள்வி (அதே வாசகர்): இலையுதிர்காலத்தில் போடும் பசளையும் இதற்குக் காரணமாகும் என்கிறார்களே?

பதில்: போடும் காலம் தவறினால் ஆகும். செப்ரெம்பர் தொடக்கத்தில் போடும் பசளையே ஆண்டின் மிக முக்கியமான பசளை. அதன் பின்னர் ஒருமுறை போட விரும்பினால், இலை வளர்வது நின்று, ஆனால் மண் இன்னும் உறையாத நாட்களில், பொதுவாக நவம்பர் முற்பகுதியில் போடலாம். இவ்விரண்டுக்கும் இடையில் விரைவாகக் கரையும் நைதரசனை அள்ளிப் போட்டால், குளிருக்கு முன்னர் நீர்ச்சத்து மிகுந்த இளந்தளிர் வளரும். பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை.

100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் என்பது ஒரு முறைக்கான உச்ச அளவு. பையில் அச்சிட்ட மூன்று எண்களில் முதலாவது நைதரசனின் நூற்றுவீதம். அது 20 ஆனால், 100 சதுர மீற்றருக்கு இரண்டரைக் கிலோ பசளை. உறைந்த மண்ணிலோ பனியின் மேலோ போடக் கூடாது. அது புல்லைச் சேராமல், வடிகான் வழியாக ஆற்றையும் ஏரியையும் சென்றடையும்.

கேள்வி (ஏஜக்ஸ்): கடைசியாக எந்த உயரத்தில் வெட்டுவது? விழுந்த மேப்பிள் இலைகள் குளிருக்குப் போர்வையாக இருக்கும் என்று அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: புல் வளர்வது நிற்கும்வரை வெட்டுங்கள், கடைசி வெட்டில் ஆறு, ஏழு சென்ரிமீற்றர் உயரம் இருக்கட்டும். அதைவிட நீண்டால் மடிந்து ஒட்டிக்கொண்டு பூஞ்சணத்துக்கு இடம் தரும். மொட்டையாக வெட்டினால் அடித்தூர் பாதுகாப்பின்றிக் கிடக்கும். மேப்பிள் இலை போர்வையல்ல, புல்லை மூச்சுத் திணற வைக்கும் மூடி. இலை மெல்லிதாகப் பரவியிருந்தால் புல் வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் இருமுறை ஓட்டிப் பொடியாக்கிவிடலாம், மண்ணுக்கும் நல்லது. புல்லே தெரியாத அளவுக்கு மூடியிருந்தால் வாரிக் கடதாசிப் பையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி (பிரம்டன்): டிரைவ்வே ஓரமாக இரண்டடி அகலத்துக்கு ஆண்டுதோறும் புல் கருகுகிறது. உப்புத்தான் காரணம் என்றால், வழுக்கி விழாமல் இருப்பதற்கு வேறு என்ன செய்வது?

பதில்: காரணம் உப்பேதான். அது இரண்டு வகையில் கெடுக்கிறது. முதலாவது, உப்பிட்டு வைத்த மாங்காய்த் துண்டு நீர் விடுவதுபோல, மண்ணில் உப்பு ஏறும்போது வேரால் நீரை உறிஞ்ச முடியாமற் போகிறது. மண் ஈரமாக இருந்தும் புல் வரட்சியால் சாகிறது. இரண்டாவது, சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து அதை இறுக்கிவிடுகிறது. நம் பகுதியில் பல வீடுகளின் மண் களிமண்ணே என்பதால், இந்த இரண்டாவது கேடு பல ஆண்டுகள் தொடரும்.

முதலில், பனி விழுந்தவுடன், வாகனச் சக்கரம் ஏறி அதை அழுத்துவதற்கு முன்னரே வழித்துவிடுங்கள். தரை தெரிய வழித்த இடத்துக்குச் சிறிதளவு உப்பே போதும். சாதாரணப் பாறை உப்பு ஏறத்தாழ மறை 10 பாகை செல்சியசுக்குக் கீழே வேலை செய்வதில்லை. வேலை செய்யவில்லையே என்று மேலும் மேலும் கொட்டுவதுதான் பலரும் செய்வது. அத்தகைய கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டைக் குறைவாகத் தூவலாம், அல்லது பிடிமானத்துக்கு மணல் மட்டும் போடலாம். கல்சியம் குளோரைட்டும் அளவு மீறினால் புல்லைக் கருக்கும். ஆனால் மண்ணைச் சோடியம் அளவுக்குக் கெடுக்காது. செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது என்ற வாசகம் புல்லுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். உப்பிட்ட பனியைப் புல்லின்மேல் எறியாமல் இருப்பதும் அவசியம்.

வசந்தத்தில் மண் உறைநிலை நீங்கியதும், அந்த ஓரத்தில் மட்டும் சில நாள் இடைவெளிவிட்டுப் பலமுறை ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். ஜிப்சம் தூவினால், அதிலுள்ள கல்சியம் மண்துகள்களில் ஒட்டிய சோடியத்தை விலக்கும். விலகிய சோடியத்தை நீர்தான் கழுவிச் செல்ல வேண்டும். நீர் வடியாத இடத்தில் ஜிப்சம் போடுவது வீண். ஆண்டுதோறும் சாகும் இடமென்றால், அங்கு உப்பை ஓரளவு தாங்கும், உயரமாக வளரும் பெஸ்கியூவையோ (tall fescue) படரும் செம்பெஸ்கியூவையோ விதைப்பதே அறிவுடைமை. வீதியோரத்தில் மாநகரப் பனியகற்றும் வாகனம் பெயர்த்த புல்லைப் பற்றி மாநகரச் சேவைத் தொலைபேசி எண்ணான 311இல் முறையிடலாம்.

கேள்வி (மார்க்கம்): பெப்ரவரியில் பனி உருகி, மறுநாளே கண்ணாடிபோல் உறைந்துவிட்டது. அந்தப் பனிக்கட்டியை உடைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்; உடைக்கும்போது அடித்தூரும் சேர்ந்து உடையும். கென்டக்கி புளூகிராஸ் பனிக்கட்டியின் கீழ் மாதக்கணக்கில் தாங்கும். உண்மையான ஆபத்து வேறு: இளஞ்சூட்டில் அடித்தூர் நீரை உறிஞ்சிய பின்னர் வெப்பநிலை திடீரென வீழ்ந்தால், உள்ளேயுள்ள நீர் உறைந்து திசுக்களைக் கிழித்துவிடும். ரைகிராஸ் இதில் எளிதில் சாகிறது. உருகிய நீர் தேங்காமல் ஓடப் பனியில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவதும், பள்ளங்களைச் செப்ரெம்பரில் மண்ணிட்டு நிரப்புவதுமே நம்மால் ஆகக்கூடியவை.

கேள்வி (ஸ்காபரோ): பிள்ளைகள் பனியில் விளையாடலாமா?

பதில்: தாராளமாக. பனி மூடாத, வெண்ணிற உறைபனி மட்டும் படிந்த காலைவேளைகளில் நடப்பதைத் தவிர்த்தால் போதும். மிதித்த இலைகள் முறிந்து காலடித் தடம் பழுப்பாகத் தெரியும்.

கேள்வி (ஏஜக்ஸ்): பனி உருகியதும் புல்லில் பாம்பு ஊர்ந்ததுபோல் வளைந்த பாதைகள் தெரிகின்றன. சில இடங்களில் புல் பெயர்ந்தும் கிடக்கிறது.

பதில்: வளைந்த பாதைகள் வோல் எனப்படும் சிற்றெலியின் வேலை. அது பனிக்கு அடியில் புல்லைக் கடித்து வழி அமைக்கிறது. வாரிவிட்டால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பெயர்ந்து கிடப்பது, வெண்புழுக்களைத் தேடி ஸ்கங்கும் ரக்கூனும் கிளறியதாக இருக்கலாம். புல்லை விரிப்புப்போல் உருட்ட முடிகிறதென்றால் வேரைப் புழு தின்றுவிட்டது. ஓகஸ்ட் இறுதியிலிருந்து செப்ரெம்பர் வரை, புழு சிறிதாக இருக்கும்போது, அதைத் தாக்கி அழிக்கும் நெமற்றோட்டு என்ற நுண்ணுயிர்களை ஈரமண்ணில் மாலையில் தெளிக்க வேண்டும்; வெயில் அவற்றைக் கொன்றுவிடும்.

கேள்வி (பிரம்டன்): விதைப்பதற்கு உகந்த செப்ரெம்பரைத் தவறவிட்டுவிட்டேன். நவம்பரில் விதைக்கலாமா?

பதில்: விதைக்கலாம், ஆனால் முளைக்கக் கூடாது என்ற நோக்கத்துடன். மண்ணின் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிய பின்னர் விதைத்தால் விதை உறங்கிக் கிடந்து வசந்தத்தில் முளைக்கும். முன்கூட்டி முளைத்த நாற்று முதற் குளிரிலேயே மடிந்துவிடும். சரிவான இடத்தில் உருகும் நீர் விதையை அடித்துச் செல்லும் என்பதால் அங்கு ஏப்ரல் இறுதிவரை காத்திருங்கள். சமதரையில் மண்ணை மேலாகக் கீறி, வழமையைவிடச் சற்றுக் கூடுதலாக விதைத்து, காலால் மிதித்து அழுத்திவிடுங்கள்.