ஒஹாயோவில் ஒரு மோவாய்

அன்புள்ள சார்,

நான் ஒஹாயோவில் கொலம்பஸ் நகரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மூன்று மாதம் முன் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். அவர் மகள் வந்து வீட்டுச் சாமான்களுக்கு விலை ஒட்டி விற்றார். இங்கே இதை எஸ்டேட் சேல் என்பார்கள். நான் ஏணி வாங்கப் போனேன். ஏணியோடு ஒரு ஷூ பெட்டியும் வந்து சேர்ந்தது. உள்ளே முறைத்த முகம் கொண்ட ஒரு பீங்கான் மக், பிளாஸ்டிக் கலக்குக் குச்சிகள் நான்கு, ஓரம் கிழிந்த ஒரு மெனு அட்டை, 'கஹிக்கி' என்று அச்சிட்ட ஒரு மேட்ச்புக் தீப்பெட்டி. அதன் உள்மடிப்பில் யாரோ பென்சிலால் ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்கிறார்கள்.

விசாரித்தேன். கஹிக்கி எங்கள் ஊரிலேயே இருந்த உணவகமாம், இடித்துவிட்டார்களாம். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. இப்போது என்னிடம் பதினேழு மக் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்காவில் மூடிப்போன டீக்கி உணவகங்களில், அதாவது பசிபிக் தீவு மாதிரி ஜோடித்த உணவகங்களில், இருந்தவை. பேய் முகங்களை சாமி அலமாரிப் பக்கம் கொண்டுவராதே என்கிறாள் மனைவி. ஹவாயில் வளர்ந்த என் அலுவலக நண்பர், "எங்கள் தெய்வங்களைக் குடிகாரக் கோப்பை ஆக்கினார்கள், அதை நீ காசு கொடுத்து வாங்குகிறாய்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. முழுக்கப் போலியான ஓர் இடத்தின் மிச்சங்களைச் சேர்ப்பதில் ஏதாவது அர்த்தம் உண்டா? நீங்கள் ஒரு முறை இப்படி ஒரு விடுதிக்குப் போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.
கொலம்பஸ்

*

அன்புள்ள எஸ்.,

ஏணி வாங்கப் போய் பதினேழு மக்கோடு நிற்கும் உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. சான் பிரான்சிஸ்கோ டோங்கா ரூமின் காகிதக் கைத்துடைப்பான் ஒன்று எட்டு வருடமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஃபேர்மான்ட் ஓட்டலின் நீச்சல் குளமாக இருந்த இடம் அது. 1945-ல் உணவகம் ஆக்கினார்கள். குளம் இன்னும் நடுவிலேயே இருக்கிறது. அதில் ஓர் ஓடம், ஓடத்தின் மேல் பாட்டுக் கச்சேரி. நடுநடுவே இடி இடித்து, குளத்துக்குள் மட்டும் மழை பெய்யும். நான் போன அன்று மழை தொடங்கியதும் பக்கத்து மேசைப் பாட்டி கை தட்டினார். "குழாய்த் தண்ணீருக்குக் கை தட்டுகிறார்கள்" என்றார் என்னோடு வந்த நண்பர். சரிதான். நானும் தட்டினேன்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டிக்கி என்றால் நமக்குக் காரின் பின்பக்கம்தான் ஞாபகம் வரும். அதனால் நீங்கள் எழுதியதுபோல டீக்கி என்றே வைத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் கதைகளில் டீக்கி முதல் மனிதன். பசிபிக் கடலின் மார்க்கேசஸ் தீவுகளில் அதே பெயரில் கல்லிலும் மரத்திலும் உருவங்கள் உண்டு. இந்தப் பெயர் அமெரிக்காவில் மூங்கில் தடுப்பும் ரம்மும் சீனச் சாப்பாடும் சேர்ந்த ஒரு உணவக பாணிக்கு ஒட்டிக்கொண்டது தனிக் கதை. 1933 டிசம்பரில் அங்கே மதுவிலக்கு முடிந்தது. அதையொட்டி எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹாலிவுட்டில் ஒரு சின்ன மதுக்கூடம் திறந்தார். கடைப் பெயர் டான் தி பீச்காம்பர். கடை பிரபலமானதும் தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு வந்த விக்டர் பெர்ஜெரான், ஓக்லாந்தில் நடத்திய தன் கடையை டிரேடர் விக்ஸ் ஆக்கினார். அப்புறம் உலகப் போர். பசிபிக் தீவுகளுக்குப் போன சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். கொசுவும் சேறும் மறந்து தென்னை மட்டும் மனதில் நின்றிருக்க வேண்டும். 1959-ல் ஹவாய் ஒரு மாநிலமானது. இந்த உணவகங்கள் ஊருக்கு ஒன்று முளைத்தன.

உங்கள் ஊரில் முளைத்தது 1961-ல். பில் சாப், லீ ஹென்றி என்ற இரண்டு கூட்டாளிகள் அதற்கு முன் கிராஸ் ஷாக் என்று ஒரு மதுக்கூடம் நடத்தினார்கள். அது தீயில் போனது. அடுத்து ஈஸ்ட் பிராட் தெருவில் கட்டியதுதான் கஹிக்கி. கவிழ்த்து வைத்த போர்ப்படகு போலக் கூரை. வாசலில் இரண்டு பிரம்மாண்டமான மோவாய்கள், அவற்றின் தலையில் நெருப்பு. ஈஸ்டர் தீவின் கற்சிலைகளுக்கு மோவாய் என்றுதான் பெயர். நீண்ட தாடையோடு நிற்கும் சிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தமிழன்கூட வைத்திருக்க முடியாது. உள்ளே போனால் இன்னொரு ராட்சத மோவாய், அதன் வாய்தான் கணப்பு அடுப்பு. ஒரு பக்கம் மீன் தொட்டிகள். இன்னொரு பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் காடு, அதில் இடியோடு மழை. 'மிஸ்டரி டிரிங்க்' என்று ஒன்று கேட்டால் சேகண்டி அடிப்பார்கள், புகை கிளம்பும் கிண்ணத்தை ஒரு பெண் ஏந்தி வருவாள். வெளியே ஒஹாயோ ஜனவரி, முழங்கால் வரை பனி. கஹிக்கி என்பது தஹீட்டித் தீவுக்கு ஹவாய்க்காரர்கள் சொல்லும் பெயர். தொலைதூர தேசம் என்றும் பொருள். ஹவாயிலிருந்தே தொலைவு என்றால் கொலம்பஸிலிருந்து எவ்வளவு தொலைவு!

1997-ல் இந்தக் கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பதிவு ஒரு கௌரவம், அவ்வளவுதான். உரிமையாளர் விற்க நினைத்தால் அதனால் தடுக்க முடியாது. 2000 ஆகஸ்டில் கடைசி விருந்து, ஆண்டு முடிவதற்குள் இடித்தாயிற்று. அங்கே ஒரு வால்கிரீன்ஸ் மருந்துக் கடை வந்தது. ஒரு முறை போய் அதன் வாகன நிறுத்தத்தில் நின்று பாருங்கள்.

இது கஹிக்கிக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. பெவர்லி ஹில்ஸின் லுவாவ் 1979-ல் இடிபட்டது. டெட்ராய்ட்டின் சின் டீக்கி பல வருடம் பூட்டியே கிடந்து 2009-ல் போனது. நியூயார்க் பிளாசா ஓட்டலை வாங்கிய டொனால்ட் டிரம்ப், அங்கிருந்த டிரேடர் விக்ஸ் கிளை மலிவான ரசனையாகிவிட்டது என்று சொல்லி அதை மூடப்போவதாக 1989-ல் அறிவித்தார். சொன்னவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்னது. அதை ஒதுக்காதீர்கள். 1862-ல் பெருவிலிருந்து வந்த கப்பல்கள் ஈஸ்டர் தீவின் மக்களை அடிமைகளாகப் பிடித்துப் போயின. திரும்பி வந்த சிலர் பெரியம்மையைக் கொண்டுவந்தார்கள். 1877-ல் அந்தத் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். அவர்களுடைய முன்னோர் வடித்த உருவத்தின் வாயில் விறகை வைத்து எரித்தால் நண்பருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? நம் பிள்ளையாரை யாராவது ஜாடியாக்கினால் நாம் பேசாமல் இருப்போமா?

ஆனால் உங்கள் ஷூ பெட்டியில் இருப்பது பாலினீசியா என்ற அந்தப் பசிபிக் தீவுக் கூட்டம் இல்லை. அதை நீங்களும் நம்பவில்லை, அங்கே சாப்பிட்டவர்களில் பாதிப் பேரும் நம்பியிருக்க மாட்டார்கள். அது கொலம்பஸ். தொழிற்சாலையிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் கல்யாண நாளுக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போன இடத்தின் மிச்சம். அலமாரியில் நீங்கள் வைக்கும் சீட்டில் 'ஒஹாயோ, 1960-கள்' என்று எழுதுங்கள். 'தென்கடல் கலை' என்று எழுதினால்தான் பொய். நண்பரை வீட்டுக்கு அழைக்கும்போது அந்தச் சீட்டு கண்ணில் படும்படி இருக்கட்டும். தீவுகளிலிருந்து வந்த அசல் மரச் சிற்பம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அது வேறு விவகாரம். மனைவி சொல்வதும் நியாயம், மக்குகளை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தப் போலிக்குள் நிஜமாக வேலை செய்தவர்கள் இருந்தார்கள். எனக்கு ஆர்வம் அவர்கள்மேல்தான். டான் பீச்சின் கடையில் மது கலக்கியவர்கள் பெரும்பாலும் பிலிப்பினோக்கள். செய்முறையை யாரும் திருடிவிடாமல் இருக்க புட்டிகளில் பெயருக்குப் பதில் எண்ணும் சங்கேதமும் எழுதி வைப்பார் டான். கலக்குகிறவருக்கே உள்ளே என்ன என்று தெரியாது. அவருடைய சோம்பி என்ற பானம் அவ்வளவு வீரியம், ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. அதன் அசல் செய்முறை பல வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் கை கொடுத்தது அங்கே வேலை பார்த்த ஒருவர் சட்டைப் பையில் வைத்திருந்த 1937-ஆம் வருடத்துக் குறிப்பேடு. அதிலும் ஓர் இடத்தில் 'டான்ஸ் மிக்ஸ்' என்று மட்டும் இருந்தது. மேலும் துருவியதில் அது பம்ப்ளிமாஸ் வகைச் சாறும் லவங்கப்பட்டைப் பாகும் என்று தெரிந்தது. அந்தக் குறிப்பேட்டை வீட்டில் யாராவது பழைய தாளோடு எடைக்குப் போட்டிருந்தால்?

அதே கடையில் வேலை பார்த்த பிலிப்பினோ ரே பூஹன் 1961-ல் லாஸ் ஏஞ்சலஸில் டீக்கி டீ என்று தனக்கென ஒரு குட்டிக் கடை திறந்தார். பெரிய மாளிகைகள் பலவும் போய்விட்டன. அவர் குடும்பம் நடத்தும் இந்தக் கடை நிற்கிறது.

நமக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு. சோம்பியில் சேரும் டெமராரா ரம் தென் அமெரிக்காவின் கயானாவின் கரும்பு. மய்தாய் பானத்துக்கு டிரேடர் விக், அதாவது பெர்ஜெரான், பிற்பாடு பயன்படுத்தியதில் கரீபியன் தீவான மார்ட்டினிக்கின் ரம்மும் உண்டு. சென்னையிலிருந்து 1845 முதல் கயானாவுக்கும், 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக மார்ட்டினிக்குக்கும் கப்பலேறியவர்கள் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் போனார்கள். இதற்காக நீங்கள் கூடுதலாக ஒரு மக் வாங்க வேண்டியதில்லை. மனைவியிடம் சாக்காகவும் சொல்ல வேண்டாம்.

சரி, சேகரிப்பு. பதினேழு மக் போதும் என்பது என் கட்சி. அவை பெரும்பாலும் ஜப்பானில் அச்சில் வார்த்து மலைமலையாக வந்தவை. ஓட்டாகிரி போன்ற இறக்குமதியாளர்கள் ஒரே உருவத்தைப் பல உணவகங்களுக்குக் கொடுத்தார்கள். ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய் என்று அடியில் பொறித்திருந்தால் மயங்காதீர்கள், அந்த நிறுவனம் இருந்தது நியூயார்க்கில். 2000-க்குப் பிறகு புதிதாகச் செய்பவர்களும் வந்துவிட்டார்கள். மக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். மேசையில் பட்டுப் பட்டு அடிவளையம் அழுக்கேறித் தேய்ந்திருந்தால் அது வேலை பார்த்த மக். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், அதில் காபி குடிக்காதீர்கள்.

காகிதத்தைத் தேடுங்கள். மக் அழகாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள், காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனால்தான் மிஞ்சியது குறைவு. உங்களிடம் இருக்கும் மேட்ச்புக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் தீப்பெட்டி போல இல்லை, மடித்த அட்டைக்குள் சீப்பின் பல் மாதிரி காகிதக் குச்சிகள். உரசும் பட்டை முன்பக்கமா பின்பக்கமா என்று பாருங்கள். பாதுகாப்புக் கருதி அதைப் பின்பக்கம் மாற்றியது 1970-களில். முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கிறதா? அது வந்தது 1963-ல். அச்சிட்ட தொலைபேசி எண் இரண்டு எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் அறுபதுகளைத் தாண்டாது. இந்த மூன்றையும் வைத்து அந்தப் பெரியவர் எந்தச் சில வருடங்களில் அங்கே போனார் என்று ஓரளவு நெருங்கிவிடலாம். எத்தனை குச்சி கிழிபட்டிருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த ராத்திரி சிகரெட் பிடித்தவரின் கணக்கு அது. மிச்சக் குச்சிகளைப் பிடுங்க வேண்டாம். வெயில் படாத இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மெனுவின் கிழிசலை செல்லோ டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள், பத்து வருடத்தில் பழுப்பேறிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். கறை இருந்தால் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று, அடுத்த மக்குக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அந்தப் பெரியவரின் மகள் வீட்டை விற்று முடிக்கும்வரை வந்து போவார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் காபிக்குக் கூப்பிடுங்கள். ஷூ பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அப்பா எதற்காகக் கஹிக்கி போவார், யாரோடு போவார், இவர் குழந்தையாக இருந்தபோது அந்த மழையைப் பார்த்துப் பயந்தாரா என்று கேளுங்கள். அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

பென்சிலால் எழுதிய அந்தத் தொலைபேசி எண் யாருடையது என்று மட்டும் கேட்க வேண்டாம்.