மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர் எப்படித் தேடுவது?

ஆரையம்பதியில் இருக்கிறீர்கள், மகளுக்கு 5 வயது, மகனுக்கு 7, இரண்டு பேருக்கும் நல்ல சங்கீத டீச்சர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் கதிரை, மேசை என்று எதைக் கண்டாலும் தட்டுகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கு ஒருமுறை டீச்சர் மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் போன இடத்தை நான் தேடவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது, நம் பிள்ளையும் போகட்டும் என்று விட்டேன். ஒரு விறாந்தையில் பதினெட்டுப் பிள்ளைகள், தாய்மார் எல்லாம் கேற்றுக்கு வெளியே. "ஒரு வருசத்தில முதலாம் தரச் சங்கீதச் சோதனைக்கு ஏத்திடலாம்" என்றார் சேர். சேர் நல்ல பாடகர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் குரலுக்குத் தோதாக ஒன்றரைக் கட்டையில், அதாவது தாழ்ந்த சுருதியில், ஆரம்பப் பாடமான சரளி வரிசையைப் பாடுவார். பிள்ளைகள் கிணற்றுக்குள் நின்று முனகுவது போலக் கூட இழுப்பார்கள். சின்னப் பிள்ளைகளின் குரல் அதைவிட எவ்வளவோ மேலே, ஐந்து கட்டைப் பக்கமாகத்தான் இலகுவாக எழும்பும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாலாம் மாதம் என் மகள் குளிக்கும்போது பாடுவதையும் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது டீச்சர், கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து முடித்த ஒரு இளம் பிள்ளை. சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா இருங்கக்கா" என்று பாயை விரித்துவிட்டார். அங்கே ஒரு பொடியன் 'ஸ' பிடிக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கீழேயே நின்றான். மற்றப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். டீச்சர் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுருதிப் பெட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்து, "வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் எண்டு சொல்லு மனே, பெட்டி சொல்லுறதையும் கேள்" என்றார். அவன் முனகிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தான். சத்தம் இரண்டும் ஒட்டிக்கொண்ட இடத்தில் அவனே சிரித்துவிட்டான். அன்றே காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

ஆகவே சேர்க்கும் முன் போய் இருந்து பாருங்கள். நன்றாகப் பாடும் பிள்ளையைக் கவனிக்க வேண்டாம், சுருதி சேராத பிள்ளையை டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தாய் தகப்பன் உள்ளே இருக்கக் கூடாது என்கிற இடத்துக்கு நான் பிள்ளையை அனுப்பமாட்டேன், எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் சரி.

தேடுவதற்கு நீங்கள் கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போகவும் தேவையில்லை. நிறுவகத்தில் படித்தவர்கள் பலர் பின்னேரங்களில் வீட்டில் வகுப்பு எடுக்கிறார்கள், பாடசாலைச் சங்கீத ஆசிரியர்களிடம் கேட்டால் ஆள் சொல்லுவார்கள். 5 வயதுக்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைத் தேவாரமே ஒரு வருடத்துக்குக் காணும் என்பது என் எண்ணம். வட இலங்கை சங்கீத சபைச் சோதனைகள் நல்லவைதான், ஆறாம் தரம் வரை போய்க் கலாவித்தகர் பட்டம் எடுத்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே சோதனைப் பேச்சு எடுக்கிறவரிடம் 5 வயதுப் பிள்ளையை விட வேண்டாம். அப்புறம் பள்ளிக்கூடத்தில் தரம் 4 வந்தால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூஷன் பாட்டு வகுப்பை விழுங்கிவிடும். மகனுக்கு அது அவ்வளவு தூரத்தில் இல்லை. கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்தாவது தொடரலாமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

வாத்தியத்தை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். என் கணவர் "வளர வளரப் பாவிக்கலாம்" என்று பெரிய வயலினாகப் பார்த்து வாங்கி வந்தார். டீச்சர் மகளின் இடது கையை நீட்டச் சொல்லி வயலினை வைத்துப் பார்த்தார். நுனியில் இருக்கிற சுருளை உள்ளங்கை சுற்றிப் பிடிக்க வேண்டுமாம், என் பிள்ளையின் விரல் அதைத் தொடவே இல்லை. அது இன்னும் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், இன்னும் சில வருடத்தில் மகனுக்குச் சரியாக இருக்கும்.

மகனைப் பாட்டு வகுப்பில் இருத்தி வைக்க முதல் ஒருமுறை கூத்துப் பழக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். என் அண்ணன் மகனும் இப்படித்தான் சும்மா இருக்க மாட்டான். ஒரு நாள் இரவு கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை அடிக்க அடிக்க, இவன் பக்கத்தில் குந்தியிருந்து தாளக்கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சல்லரியை, அதாவது கைத்தாளத்தை, எடுத்து அவன் கையில் கொடுத்தார். இப்போது மிருதங்கம் படிக்கிறான், அவனைப் பிடித்து வகுப்புக்குத் தள்ள வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.